ஐபிசெக் டனல் ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்கிறது, டேட்டா போகவில்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே இணையத்தில் போகும் பாக்கெட்டுகளை என்கிரிப்ட் செய்யும் முறை ஐபிசெக். அதில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று சாவிப் பரிமாற்றம். இரு முனைகளிலும் பின்னணியில் ஓடும் நிரல்களான டீமன்கள் ஐகேஇ என்ற நெறிமுறை வழியாகப் பேசி, ஒருவரை ஒருவர் சரிபார்த்து, சாவிகளை உண்டாக்குகின்றன. இன்னொன்று பாலிசி. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டை என்கிரிப்ட் செய்வது, எதை அப்படியே விடுவது, எதைக் கீழே போடுவது என்று கர்னல் வைத்திருக்கும் அட்டவணை அது. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4301 பாலிசிக்குக் கொடுக்கும் முடிவுகளும் இந்த மூன்றுதான். ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்ற சொல் முதல் வேலை முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. பாலிசி சரியா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதை நம்பிக்கொண்டு சாவியையும் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு: இரண்டு லினக்ஸ் கேட்வேக்கள், இரண்டிலும் ஐபிசெக் டீமனான ஸ்ட்ராங்ஸ்வான், ஐகேஇ பதிப்பு 2. தலைமை அலுவலகத்தின் உள் நெட்வொர்க் 10.10.0.0/16, வெளி முகவரி 203.0.113.5. கிளையின் உள் நெட்வொர்க் 10.20.0.0/16, வெளி முகவரி 198.51.100.9. உங்கள் எண்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன்

நான்கு இடங்களைப் பார்த்துக் குறித்துவையுங்கள். முதலாவது, ஸ்ட்ராங்ஸ்வானின் கட்டளையான ‘ஸ்வான்சிடிஎல் --லிஸ்ட்-எஸ்ஏஸ்’. எஸ்ஏ என்பது சாவி, அல்காரிதம் பற்றி இரு முனைகளும் செய்துகொண்ட உடன்பாடு; டேட்டாவைச் சுமப்பது சைல்ட் எஸ்ஏ. இந்த வெளியீட்டில் ஒவ்வொரு சைல்ட் எஸ்ஏவுக்கும் உள்ளே வந்த பைட்டும் வெளியே போன பைட்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது, ‘ஐபி எக்ஸ்ஃபிரம் பாலிசி’. கர்னலில் உண்மையில் ஏறியிருக்கும் பாலிசி இதுதான். கான்ஃபிக் ஃபைலில் நீங்கள் எழுதியது வேறாக இருக்கலாம். மூன்றாவது, ‘ஐபி எக்ஸ்ஃபிரம் ஸ்டேட்’. இதன் வெளியீட்டில் சாவிகளும் அச்சாகும் என்பதால் அப்படியே வெட்டி யாருக்கும் அனுப்பாதீர்கள். நான்காவது, ப்ராக் நெட் அடியில் உள்ள ‘எக்ஸ்ஃபிரம்_ஸ்டாட்’ ஃபைல். கர்னல் ஒரு பாக்கெட்டைக் கீழே போடும்போது ஏன் போட்டது என்று எண்ணி வைக்கும் இடம் இது. பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை படித்து, எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே பெயரோடு தெரிந்துவிடும்.

லைனில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் பார்க்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். பாலிசி அடிப்படையிலான டனலில், உள்ளே வரும் பாக்கெட் வெளி இன்டர்ஃபேஸில் இரண்டு முறை தெரியும்: முதலில் என்கிரிப்ட் ஆன டேட்டாவைச் சுமக்கும் இஎஸ்பியாக, பிறகு பிரித்த வடிவில். வெளியே போவது என்கிரிப்ட் ஆன வடிவில் ஒரே ஒரு முறைதான் தெரியும். ‘உள்ளே வருவது திறந்து தெரிகிறதே, என்கிரிப்ஷன் நடக்கவில்லையோ’ என்ற பயம் இதனால்தான் வருகிறது. அது கோளாறு அல்ல.

அறிகுறி: இணைப்பே வரவில்லை, லாகில் ‘ரீட்ரான்ஸ்மிட்’ மட்டும்

இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் யூடிபி 500, 4500 இரண்டையும் டிசிபிடம்பில் பிடியுங்கள். ஒரு முனையில் கிளம்பியது மறுமுனையில் வரவேயில்லை என்றால் நடுவில் ஏதோ ஃபயர்வால் தடுக்கிறது. ஸ்ட்ராங்ஸ்வானில் தேடிப் பயனில்லை.

500-இல் முதல் பரிமாற்றம் முடிந்து, அடுத்ததில் நின்றால் காரணம் இரண்டு. வழியில் முகவரியை மாற்றும் நாட் இருப்பது தெரிந்ததும் பேச்சு 4500-க்கு மாறிவிடும். 500-ஐ மட்டும் திறந்துவைத்தவர்கள் மாட்டுவது இங்கேதான். 4500-உம் திறந்திருக்கிறது என்றால், சான்றிதழின் அளவைச் சந்தேகியுங்கள். சான்றிதழ் ஏறிய ஐகேஇ செய்தி 1500 பைட்டைத் தாண்டிவிடும். ஐபி அளவில் அது துண்டாகும். யூடிபி துண்டுகளை வழியில் சில கருவிகள் கீழே போட்டுவிடும். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7383 இதற்காகவே ஐகேஇ-க்குள்ளேயே துண்டாக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஸ்ட்ராங்ஸ்வான் அதை இயல்பாகவே செய்யும், துண்டு அளவு 1280 பைட். ஆனால் எதிர்முனைக் கருவியும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். அந்தப் பக்கத்து அமைப்பில் ஃபிராக்மென்டேஷன் அணைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பதில் வருகிறது, ஆனால் மறுப்பாக வருகிறது என்றால் மறுப்பின் பெயரே போதும். ‘நோ ப்ரொபோசல் சோசன்’ என்றால் அல்காரிதம் பட்டியல் ஒத்துப்போகவில்லை. ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்றால் சாவியைத் தொடுவதற்கு முன் ஐடியைப் பாருங்கள். கேட்வே தன்னை ஐபி முகவரியாக அறிமுகம் செய்ய, எதிர்முனை டொமைன் பெயரை எதிர்பார்த்துக் காத்திருக்கும். சான்றிதழ் என்றால், நீங்கள் எழுதிய ஐடி அதன் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். கேட்வேயின் கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள்; ரீபூட்டில் தேதி பின்னே போன கருவிக்கு, நேற்று வாங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

அறிகுறி: டனல் வந்துவிட்டது, ஒரு நெட்வொர்க் மட்டும் போகிறது, மற்றது போகவில்லை

லாகில் ‘டிஎஸ் அனக்செப்டபிள்’ வந்தால் இரு பக்கத்து சப்நெட்டுகளுக்கும் பொதுவான பகுதியே இல்லை என்று பொருள். பிழை எதுவும் இல்லாமல் ஒன்று மட்டும் போனால் விஷயம் வேறு. ஐகேஇ பதிப்பு 2-இல் எதிர்முனை, நீங்கள் கேட்டதைக் குறுக்கி ஒத்துக்கொள்ளலாம். நீங்கள் மூன்று சப்நெட் கேட்டீர்கள், அது முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. விதிப்படி அது தவறில்லை, அதனால் யாரும் புகார் சொல்வதில்லை. ‘லிஸ்ட்-எஸ்ஏஸ்’ வெளியீட்டில் கடைசியாக ஒத்துக்கொண்ட சப்நெட்டுகள் இருக்கும். அதைக் கான்ஃபிக்கோடு ஒப்பிடுங்கள். மாற்று: ஒவ்வொரு சப்நெட் ஜோடிக்கும் தனி சைல்ட் எழுதுங்கள். வேறு நிறுவனக் கருவியோடு பேசும்போது முதலிலிருந்தே இப்படி எழுதுவதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: வெளியே போகும் பைட் ஏறுகிறது, உள்ளே வருவது பூஜ்யம்

எதிர்முனையில் டிசிபிடம்ப் போடுங்கள். இஎஸ்பி அங்கே போய்ச் சேரவே இல்லை என்றால், வழியில் ஐபி புரோட்டோகால் 50 தடுக்கப்படுகிறது. இது போர்ட் எண் அல்ல. ‘போர்ட் 50 திறந்துவிட்டேன்’ என்று சொல்பவரிடம் மறுபடி கேளுங்கள். கிளவுட் ஃபயர்வாலிலும் வீட்டு ரூட்டரிலும் இது அடிக்கடி விடுபடும். அதைத் திறக்க அதிகாரம் இல்லையென்றால் கனெக்ஷனில் ‘என்கேப் = யெஸ்’ எழுதுங்கள். நாட் இல்லாவிட்டாலும் எல்லாம் யூடிபி 4500-க்குள் ஏறிப் போகும். பாக்கெட்டுக்கு 8 பைட் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

போய்ச் சேருகிறது, ஆனால் எதிர்முனையின் உள்வரும் கணக்கு ஏறவில்லை என்றால் அங்கே எக்ஸ்ஃபிரம்_ஸ்டாட் பாருங்கள்:

‘இன்-நோ-ஸ்டேட்ஸ்’ ஏறினால், வந்த பாக்கெட்டில் உள்ள, எஸ்ஏவைக் குறிக்கும் எஸ்பிஐ எண்ணுக்கு அங்கே எஸ்ஏ இல்லை. பெரும்பாலும் அந்தக் கேட்வே ரீபூட் ஆகியிருக்கும், இந்தப் பக்கம் பழைய எஸ்ஏவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்வான்சிடிஎல் கான்ஃபிக்கில் ‘டிபிடி_டிலே’ எழுதாவிட்டால் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்கவே கேட்காது. 30 விநாடி வையுங்கள். அப்போதும் உடனே தெரியாது: மறு அனுப்பல் 4, 7, 13, 23, 42, 76 விநாடிகள் என்று நீண்டு, மொத்தம் சுமார் 165 விநாடி கழித்தே கைவிடும்.

‘இன்-ஸ்டேட்-ப்ரோட்டோ-எரர்’ ஏறினால் சரிபார்ப்பு தோற்கிறது. சாவி தவறாக இருக்க வழியில்லை, ஐகேஇ அதைப் பார்த்துக்கொண்டது. பழைய கருவி எதிரில் இருந்து, அல்காரிதம் ஷா-256 ஆக இருந்தால், சரிபார்ப்பு மதிப்பை 128 பிட்டாக வெட்டாமல் 96 பிட்டாக வெட்டுகிறதா என்று பாருங்கள். 2.6.33-க்கு முந்தைய லினக்ஸ் கர்னல்கள் அப்படித்தான் வெட்டின. சைல்டில் ‘ஷா256_96 = யெஸ்’ தற்காலிகத் தீர்வு; ஏஇஎஸ்-ஜிசிஎம்முக்கு மாறுவது நிலையான தீர்வு.

‘இன்-நோ-பால்ஸ்’ ஏறினால் பிரித்தது சரி, அதை ஏற்றுக்கொள்ளும் பாலிசி இல்லை. பாலிசியை நிரலால் நேரடியாகக் கர்னலில் ஏற்றுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு இது. லினக்ஸில் திசை மூன்று: அவுட், இன், எஃப்டபிள்யூடி. ‘இன்’ என்பது கேட்வேக்கே வரும் பாக்கெட்டுக்கு மட்டும். கேட்வேயைத் தாண்டி உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டியதற்கு ‘எஃப்டபிள்யூடி’ வேண்டும். அதை விட்டால் கேட்வேயை மட்டும் பிங் செய்ய முடியும், பின்னால் இருப்பது எதுவும் பதில் சொல்லாது.

‘இன்-டெம்ப்ளேட்-மிஸ்மேட்ச்’ ஏறினால், என்கிரிப்ட் ஆகி வர வேண்டிய பாக்கெட் திறந்தபடி வந்திருக்கிறது, அல்லது வேறு எஸ்ஏவில் வந்திருக்கிறது. எதிர்முனையின் வெளிப்பாலிசியைப் பாருங்கள்.

‘இன்-ஸ்டேட்-சீக்-எரர்’ மெல்ல மெல்ல ஏறி, வேகம் மட்டும் குறைந்திருந்தால், பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்து ரீப்ளே ஜன்னலுக்கு வெளியே விழுகின்றன. இயல்பு அளவு 32 பாக்கெட். வேகமான லைனிலும், குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் கியூ இருக்கும் இடத்திலும் அது போதாது. ‘ரீப்ளே_விண்டோ’வை 1024 ஆக்குங்கள். பூஜ்யம் ஆக்காதீர்கள், பழைய பாக்கெட்டைத் திரும்ப அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்கும் காவலே அப்போது போய்விடும்.

அறிகுறி: டனல் உள்ளது, இரு பக்கமும் பைட் பூஜ்யம்

பாக்கெட் பாலிசியைத் தொடவே இல்லை. முதல் சந்தேகம் மாஸ்கரேட். கிளையில் இணையத்துக்காக எழுதிய நாட் விதி, 10.20.1.15 என்ற மூல முகவரியை 198.51.100.9 ஆக மாற்றிவிடுகிறது. மாற்றிய பிறகு கர்னல் பாலிசியை மறுபடி தேடும். 10.20-இலிருந்து 10.10-க்கு என்று எழுதிய பாலிசி இப்போது பொருந்தாது. பாக்கெட் என்கிரிப்ட் ஆகாமல் இணையத்தை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. ஐபிடேபிள்ஸ் என்றால் நாட் டேபிளின் போஸ்ட்ரூட்டிங்கில், மாஸ்கரேட் வரிக்கு மேலே, ‘-எம் பாலிசி --பால் ஐபிசெக் --டிர் அவுட் -ஜே அக்செப்ட்’ என்ற விதியை நுழையுங்கள். என்எஃப்டேபிள்ஸ் என்றால் அதே இடத்தில் ‘ஆர்டி ஐபிசெக் எக்சிஸ்ட்ஸ் அக்செப்ட்’. கீழே சேர்த்தால் பயனில்லை; மாஸ்கரேட் முந்திக்கொள்ளும். மாற்றிய பிறகும் பழைய கனெக்ஷன்கள் பழைய நாட்டையே பிடித்திருக்கும்; கர்னல் கனெக்ஷன்களைக் குறித்துவைக்கும் கான்ட்ராக் பதிவை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

நாட் இல்லையென்றால் ‘ஐபி_ஃபார்வர்ட்’ 1-இல் இருக்கிறதா, ஃபார்வர்ட் செயின் தடுக்கிறதா பாருங்கள். டாக்கர் நிறுவும்போது ஃபார்வர்ட் செயினின் இயல்பு முடிவு ‘டிராப்’ ஆகிவிடலாம்; நேற்று வரை ஓடிய டனல் இன்று நின்றதற்கு அது காரணமாகலாம். இரு பக்கமும் ஒரே 192.168.1.0/24 என்றால் எந்த பாலிசியும் காப்பாற்றாது. ஒரு பக்கத்து எண்களை மாற்றுங்கள்.

அறிகுறி: பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை

இதை நெருங்கிப் பார்க்கலாம். எஸ்எஸ்ஹெச் லாகின் ஆகிறது. ‘பிடபிள்யூடி’ அடித்தால் பதில் வருகிறது. பெரிய டைரக்டரியில் ‘எல்எஸ் -எல்’ அடித்ததும் திரை உறைகிறது. பிரவுசரில் முகவரி அடித்தால் இணைப்பு ஏற்பட்டு, சர்வர் தன் சான்றிதழை அனுப்பும் தருணத்தில் நின்றுவிடுகிறது. சிறியது போகிறது, பெரியது போகவில்லை. காரணம் எம்டியூ, அதாவது லைனில் ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய அதிகபட்ச அளவு.

கணக்கு இதோ. லைனில் 1500 பைட் போகலாம். வெளி ஐபி தலைப்பு 20, யூடிபி 8, இஎஸ்பி தலைப்பு 8, ஏஇஎஸ்-ஜிசிஎம் ஐவி 8, கடைசியில் சரிபார்ப்பு 16. மிச்சம் 1440, அதில் இஎஸ்பி வால் 2 போக, உள்ளே அதிகபட்சம் 1438 பைட் பாக்கெட்தான் ஏறும். ஏஇஎஸ்-சிபிசியும் ஷா-256-உம் என்றால் ஐவி 16, பிளாக் 16-இன் மடங்கு, அதிகபட்சம் 1422. பிபிபிஓஇ லைன் என்றால் தொடக்கமே 1492.

கேட்வே ‘இவ்வளவு பெரியது போகாது’ என்று ஐசிஎம்பி டைப் 3 கோட் 4 அனுப்பும். அதை யாரோ ‘பாதுகாப்பு’ என்று தடுத்துவைத்திருப்பார்கள். ஐசிஎம்பி முழுவதையும் தடுப்பது பாதுகாப்பு ஆகாது. இந்த ஒரு டைப்பையாவது விட்டுவைக்க வேண்டும்.

சோதனை: உள் கம்ப்யூட்டரிலிருந்து ‘பிங் -எம் டூ -எஸ் 1372’. தலைப்பு 28 சேர்ந்து 1400 ஆகும். போனால் 10 பைட் கூட்டுங்கள், போகாவிட்டால் குறையுங்கள். உண்மையான எல்லை கிடைத்ததும் அதிலிருந்து 40 கழித்தால் டிசிபியின் எம்எஸ்எஸ், அதாவது ஒரு பாக்கெட்டில் ஏறும் டேட்டாவின் அதிகபட்ச அளவு. 1360 வைத்தால் பெரும்பாலான லைன்களுக்கு இடம் மிச்சம் இருக்கும். ஃபார்வர்ட் செயினில், இரு திசையிலும் இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டுகளுக்கு ‘டிசிபிஎம்எஸ்எஸ் --செட்-எம்எஸ்எஸ் 1360’. பாத் எம்டியூவைப் பார்த்துத் தானே வெட்டும் விருப்பம், பாலிசி டனலில் இந்த மேல்செலவைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். அதனால் எண்ணை நேராகக் கொடுங்கள்.

அறிகுறி: சரியாக ஒரு மணி நேரத்தில் விழுகிறது

காலை 9 மணிக்கு டனல் ஏறியது, 10 மணி தாண்டியதும் நின்றது; ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி ஒரு மணி நேரம் ஓடுகிறது. லைனைக் குறை சொல்லி டிக்கெட் போட்டிருப்பார்கள். லைனில் ஒன்றுமில்லை.

ஐகேஇ பதிப்பு 2-இல் முதல் சைல்ட் எஸ்ஏ, உறுதிப்படுத்தும் பரிமாற்றத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. அதற்குத் தனி டிஃபி-ஹெல்மன் சாவிப் பரிமாற்றம் கிடையாது. ஆகவே ஒரு பக்கம், புதுப்பிக்கும்போது புதிதாக டிஃபி-ஹெல்மன் செய்யச் சொல்லும் பிஎஃப்எஸ் குரூப் எழுதி, மறுபக்கம் எழுதாமல் விட்டிருந்தாலும் முதல் முறை யாருக்கும் தெரியாது. சாவியைப் புதுப்பிக்கும்போதுதான் குரூப் ஒப்பிடப்படும். அங்கே ‘நோ ப்ரொபோசல் சோசன்’. ஸ்ட்ராங்ஸ்வானில் சைல்டின் புதுப்பிப்பு இயல்பாக 1 மணி நேரம், தற்செயல் விலகல் சேர்ந்து 54 முதல் 60 நிமிடத்துக்குள் தொடங்கும்; 66-ஆவது நிமிடத்தில் பழைய எஸ்ஏ காலாவதி. டேட்டா நிற்பது அப்போது.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். டனல் ஏறிய உடனே ‘ஸ்வான்சிடிஎல் --ரீகீ --சைல்ட்’ என்று சைல்டின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். தோற்றால் இரு பக்கத்து ‘இஎஸ்பி_ப்ரொபோசல்ஸ்’ வரியிலும் ஒரே குரூப்பைச் சேருங்கள், உதாரணமாக ‘ஏஇஎஸ்256ஜிசிஎம்16-ஈசிபி256’. புதிய டனல் எதையும் இந்தச் சோதனை முடிக்காமல் ஒப்படைக்கவே கூடாது.

இதே போன்றது, ஆனால் சும்மா இருக்கும்போது மட்டும் விழுவது என்றால் நாட் பதிவு காலாவதியாகிறது. ஸ்ட்ராங்ஸ்வான் நாட்டுக்குப் பின்னால் இருக்கும்போது 20 விநாடிக்கு ஒரு முறை உயிர்ப்பாக்கெட் அனுப்பும். யாராவது அந்த எண்ணை ஏற்றியிருக்கிறார்களா பாருங்கள்.

அறிகுறி: கான்ஃபிக் ஏற்றியதும் சர்வரே கையைவிட்டுப் போனது

0.0.0.0/0 என்று சப்நெட் எழுதிய பாலிசி, உங்கள் எஸ்எஸ்ஹெச் பதிலையும் சேர்த்து டனலுக்குள் தள்ளிவிட்டது. ரூட் அடிப்படையிலான டனல் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபிரம் இன்டர்ஃபேஸ் வேண்டும், லினக்ஸ் 4.19 முதல் இருக்கிறது. இன்டர்ஃபேஸை உருவாக்கும்போது கொடுத்த ‘இஃப்_ஐடி’ எண்ணையே கனெக்ஷனில் ‘இஃப்_ஐடி_இன்’, ‘இஃப்_ஐடி_அவுட்’ இரண்டிலும் எழுதினால், அந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போகும் பாக்கெட்டுக்கு மட்டும் பாலிசி பொருந்தும். ரூட்டை நீங்களே சேர்க்க வேண்டும். பாலிசி அடிப்படையிலேயே வைப்பதென்றால், நிர்வாக நெட்வொர்க்குக்கு ‘மோட் = பாஸ்’ என்று ஒரு சைல்ட் எழுதி, ‘ஸ்டார்ட்_ஆக்ஷன் = டிராப்’ கொடுங்கள். இந்த ‘டிராப்’ பொறி என்ற பொருள் தருவது. பாக்கெட்டைக் கீழே போடும் ‘டிராப்’ வேறு. தமிழில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும், கான்ஃபிக்கில் குழம்பிவிடாதீர்கள்.

தொலைவிலிருக்கும் கேட்வேயில் கை வைக்கும் முன், இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸ் ஜன்னலில் ‘ஸ்லீப் 300’ முடிந்ததும் ‘ஐபி எக்ஸ்ஃபிரம் பாலிசி ஃப்ளஷ்’ ஓடும்படி கட்டளையைத் தொடங்கிவையுங்கள். மாட்டிக்கொண்டாலும் 5 நிமிடத்தில் கதவு திறக்கும். சரியாக ஏறிவிட்டால் நிறுத்த மறக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் டனல் விழுந்தபோதும் ஏதோ வெளியே போகிறது

இதை யாரும் புகாராகச் சொல்லமாட்டார்கள். அதனாலேயே இதுதான் ஆபத்தானது. பாலிசி கர்னலில் இல்லாத நேரத்தில் 10.10-க்குப் போக வேண்டிய பாக்கெட், இயல்பு ரூட்டில், திறந்தபடி, இணையச் சேவை நிறுவனத்தை நோக்கிப் போகும். பதில் வராது, ஆனால் அனுப்பியது போய்விட்டது. கிளையிலிருந்து முதலில் கிளம்பும் பாக்கெட்டில் என்ன இருக்கிறதோ, உதாரணமாக என்கிரிப்ட் ஆகாத ஒரு லாக் வரியோ எஸ்என்எம்பி கம்யூனிட்டி சொல்லோ, அது வழியில் யார் கண்ணிலும் படலாம்.

முதலில் நடக்கிறதா என்று பாருங்கள். கிளைக் கேட்வேயின் வெளி இன்டர்ஃபேஸில் ‘டிசிபிடம்ப் -க்யூ அவுட் டிஎஸ்டி நெட் 10.10.0.0/16’. வெளியே போகும் திசையை மட்டும் பிடிப்பதால், இங்கே ஒரே ஒரு வரி தெரிந்தாலும் அது கசிவு. வேறொரு திரையில் ‘ஸ்வான்சிடிஎல் --டெர்மினேட்’ கொடுத்து, உள்ளிருந்து பிங் ஓடவிட்டுப் பாருங்கள்.

சைல்டில் பொறி வகை ‘ஸ்டார்ட்_ஆக்ஷன்’ கொடுத்தால் எஸ்ஏ இல்லாதபோதும் பாலிசி நிற்கும். பாக்கெட் வந்ததும் டனலை எழுப்பும். ஆனால் அந்த பாலிசி டீமனின் கையில் இருக்கிறது. டீமன் நின்றால், அல்லது அப்டேட்டில் கான்ஃபிக் ஏறாமல் போனால், அதுவும் போகும். ஆகவே டீமனைச் சாராத இன்னொரு பூட்டு ஃபயர்வாலில் வேண்டும். என்எஃப்டேபிள்ஸின் ஃபார்வர்ட் செயினில், அக்செப்ட் விதிகளுக்கெல்லாம் மேலே, ‘ஐபி டிஏடிடிஆர் 10.10.0.0/16 ஆர்டி ஐபிசெக் மிஸ்ஸிங் கவுன்டர்’ என்று எழுதி, முடிவாகப் பாக்கெட்டைக் கீழே போடும் ‘டிராப்’ சேருங்கள். கேட்வேயே உண்டாக்கும் பாக்கெட்டுக்காக அவுட்புட் செயினிலும் அதே வரி. தலைமை அலுவலகத்தில் முகவரியைத் திருப்பி எழுதுங்கள்.

பிறகு ஸ்ட்ராங்ஸ்வான் சர்வீஸை முழுக்க நிறுத்தி, அதே டிசிபிடம்பை மறுபடி ஓட்டுங்கள். திரை வெறுமையாக இருக்க வேண்டும். அந்த விதியின் கவுன்டர் மட்டும் ஏற வேண்டும். சர்வீஸைத் தொடங்கி, டனல் ஏறியதும் கவுன்டர் நிற்க வேண்டும். கேட்வேயை ஒரு முறை ரீபூட் செய்து, ஃபயர்வால் விதிகள் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு முன்பே ஏறுகின்றனவா என்பதையும் இதே வழியில் பார்த்துவிடுங்கள்.